ஆறுதல் பிரிவு

உசேனின் மகள் நவ்ரீனுக்குத் தலையில் பொடுகு என்றுதான் முதலில் சொன்னார்கள். விம்கோ நகரில் பொடுகு யாருக்கும் வரலாம். காற்றில் மிதப்பது தலையில் இறங்குவதற்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் இந்தப் பொடுகு எண்ணெய்க்கும் அடங்கவில்லை, ஷாம்புவுக்கும் அடங்கவில்லை. மஞ்சளாகப் பொருக்குத் தட்டியது, உரிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. பிறகு இடது காதில் சீழ் வைத்தது. பிறகு உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பு எழுந்தது. அழுத்தினால், எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் விரல் மெத்தென்று அமிழ்ந்தது. உசேன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கேஸ் கட்டர் பிடிக்கிறவன். கனத்த தகட்டைத் தீயால் கீறும்போது நடுங்காத கை, நான்கு வயது மகளின் மண்டையில் அந்த இடத்தைத் தொட்டதும் தானாகப் பின்னுக்கு வந்துவிட்டது.

தெருமுனை கிளினிக் டாக்டர் நேர்மையானவர். "இது என் கைல இல்லப்பா. சதையில துளி எடுத்து, மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தாத்தான் இன்ன நோய்னு தெரியும். ராயபுரத்துல இதுக்குன்னே புதுசா ஒரு இடம் தொறந்திருக்காங்க. போய்ப் பாரு" என்றார்.

அந்த இடத்தின் பெயர் அரிய குழந்தை நோய்த் திசு ஆய்வு உயர்மையம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில், பழைய கிடங்கு ஒன்றை இடித்து, முகப்பு முழுக்கக் கண்ணாடியாக எழுப்பியிருந்தார்கள். வெளியே மீன் ஐஸ் உருகிய தண்ணீர் நாறியது. உள்ளே எலுமிச்சை மணந்தது. உசேனும் அவன் மனைவி ஜெரினாவும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவை நெருங்கியதும் காவலாளி மறித்தார்.

"மாதிரி இருக்கா?"

"இன்னா மாதிரி?"

"சதைத் துண்டு, ரத்தம், எதுனா டப்பால இருக்கா?"

"கொழந்த கீது."

"அப்ப பின்வழி. முன்வழி மாதிரிக்கு மட்டும்."

பின்வழியில் ஜெனரேட்டர் புகை கக்கியது. அதற்குப் பக்கத்தில் நோயாளிகள் காத்திருக்க ஒரு தகரப் பந்தல். வெயில் ஏற ஏறத் தகரம் கொதித்தது. கடைசியில் இயக்குநர் டாக்டர் பாஸ்கர் அவர்களை உள்ளே அழைத்தார். வெளுத்த கோட்டு, அடர்ந்த சென்ட், மேசையில் அவருடைய புகைப்படத்தை அவரே பார்த்துக்கொள்ளும் வாகில் வைத்திருந்தார்.

"மகளைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, சந்தோஷம்" என்றார். "ஆனா நமக்கு வேண்டியது மகள் இல்ல, மகளுடைய திசு. குழந்தை அழும், நெளியும், தலை வலிச்சா வயிறு வலிக்குதுன்னு சொல்லும். தாய்மார்கள் பயத்துல ஒண்ணைப் பத்தாக்குவாங்க. திசு அப்படி இல்ல. வெட்டினா பேசாம இருக்கும். மெழுகுல முக்கினா பேசாம இருக்கும். இத்தனை வருஷ சேவையில எந்தத் திசுவும் என்னை எதிர்த்துக் கேள்வி கேட்டதில்ல."

"சார், கொழந்தைக்கு இன்னா நோவு சார்?"

"அதைத்தான் கேட்கப் போறோம். குழந்தைகிட்ட இல்ல."

நவ்ரீனின் தலையிலிருந்து சதை எடுத்தது நர்ஸ் டோரதியின் மடியில் வைத்துத்தான். ராயபுரம் கோயில் தெருக்காரி டோரதி, குழந்தையின் காதருகே ஏதோ கப்பல் கதை சொல்லிக்கொண்டே பிடித்துக்கொண்டாள். மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துவரம்பருப்பளவு எடுத்து, மருந்துத் தண்ணீர் நிரம்பிய குப்பியில் போட்டார்கள். குப்பி வெல்வெட் விரித்த தட்டில் ஏறியது. அதைத் தூக்கிக்கொண்டு ஓர் ஊழியர் நடந்தபோது வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தட்டு லிஃப்டில் ஏறியது. பின்னாலேயே ஏறப்போன ஜெரினாவை நிறுத்தி, "மாதிரிக்கு மட்டும்மா. நீங்க படி" என்றார்கள். தலையில் கட்டோடு தூங்கிவிட்ட குழந்தையைச் சுமந்துகொண்டு அவள் படியிறங்கினாள். குழந்தையின் ஒரு துளி மட்டும் குளிர்சாதன அறையில் தங்கிவிட்டது. மீதி முழுவதும் தகரப் பந்தலுக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு ரிப்போர்ட்டுக்காக அவர்கள் நடந்த நடை தொடங்கிற்று. ரிப்போர்ட் கேட்பவர்களைச் சந்திக்க ராசையா என்ற மக்கள் தொடர்பு அதிகாரி இருந்தார். மக்கள் யாரும் யாரையும் தொடர்பு கொண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதை அவர் முகம் சுளிக்காமல் செய்தார்.

"என்ன நோய்னு தெரிஞ்சுக்க அவசரப்படாதீங்க" என்றார் ராசையா. "அது அரிய நோயா, சாதா நோயான்னு முதல்ல முடிவாகணும். சாதா நோயை நாங்க தொட மாட்டோம். அரிய நோய்னா அரிதுத் தகுதிக் குழு கூடி அங்கீகரிக்கணும்."

"குழு எப்ப சார் கூடும்?"

"அரிதாத்தான்."

"கொழந்த ராவெல்லாம் தூங்க மாட்டுது சார். காதுல சீழு வந்துகினே கீது. ஒரே பேஜாரா கீது சார்."

"உங்க வேதனை எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்று சொல்லி, ராசையா அதற்கென வைத்திருந்த ஒரு பெருமூச்சை விட்டார்.

அந்தத் தகரப் பந்தலில்தான் உசேன் லூயிஸைப் பார்த்தான். எண்ணூர்க்காரர், துறைமுகத்தில் சுமை தூக்குபவர். அவர் மகன் ஜெரிக்கும் தலையில் அதே மஞ்சள் பொருக்கு, அதே மாதிரி மண்டையில் விரல் அமிழும் ஒரு புடைப்பு. இரண்டு தகப்பன்களும் பிள்ளைகளின் தலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நம்மைப் போல இன்னொருவன் இருக்கிறான் என்பதில் உசேனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. உயர்மையத்துக்கு வந்ததோ பீதி. குழுவின் உறுப்பினர்கள் போனிலேயே அவசரமாகப் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் ராசையா வெளியே வந்தார்.

"லூயிஸ், உங்க பையனுக்குப் பொடுகு. கூட்டிட்டுப் போங்க."

"சார், இவர் கொழந்தைக்குக் கீற மாதிரியே கீதே சார்."

"அதுதான் பிரச்சினையே. ஒரே வட்டாரத்துல ஒரே நேரத்துல ரெண்டு வந்தா, அதுல என்ன அரிது இருக்கு? இவங்க முதல்ல வந்தாங்க. அரிது இவங்களுக்குப் போயிடுச்சு."

லூயிஸ் மகனைத் தூக்கிக்கொண்டார். உசேன் அவர் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டான். அடுத்தவன் இடத்தைப் பிடித்துக்கொண்டவன் போலத் தனக்கு ஏன் கூச்சமாக இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

ஒருநாள் அலைந்து சலித்துத் திரும்பும்போது, வராந்தாக் கோடியில் ஒரு கதவை ஜெரினா கவனித்தாள். மேலே 'ஆறுதல் பிரிவு' என்று எழுதியிருந்தது.

"இன்னாங்க, தபாரு. ஆறுதல் பிரிவுன்னு போட்டுகீது. மெனக்கெட்டு வெச்சிருக்காங்க பாரேன். போனா ரெண்டு நல்ல வார்த்த சொல்லுவாங்க."

உள்ளே ஓர் இளம் ஆராய்ச்சியாளர் அவர்களைக் கண்டதும் உண்மையிலேயே மலர்ந்தார். இந்தக் கட்டடத்தில் அவர்களைப் பார்த்து மலர்ந்த முதல் முகம் அது. அவர் நாற்காலி இழுத்துப் போட்டு நவ்ரீனை உட்கார வைத்தார். கட்டைப் பிரித்தார். சதை எடுத்த இடத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்னம்மா இது, இவ்வளவு சீக்கிரம் ஆறிட்டு வருது?"

ஜெரினா விழித்தாள்.

"புண் ஆறுவதைப் படிக்கிற பிரிவு இது. திசு எப்படி வளர்ந்து மூடுதுன்னு வாராவாரம் படம் எடுக்கணும். நீங்க வர்றதுக்குள்ள பாதி மூடிடுச்சு. வீட்ல என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல சார். அல்லாகிட்ட துஆதான் கேட்டேன்."

"அதை நிறுத்துங்க. ஆய்வு முடிவு பாதிக்கும்."

ஜெரினாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆராய்ச்சியாளர் பதறி எழுந்து ஒரு கருவியைக் காட்டினார். "இங்க அழாதீங்கம்மா. அறையோட ஈரப்பதம் மாறிடும்."

அவர்கள் வெளியே வந்து ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்று அழ வேண்டியதாயிற்று.

கடைசியில் குழு கூடி, நவ்ரீனின் நோய் அரிது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அதற்கு விழா. முதன்முறையாக உசேன் குடும்பம் முன்வழியாக அனுமதிக்கப்பட்டது. மேசை நடுவில் பெரிய கேக். அதன் மேல் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, பூப்போட்ட சேலைத் துணி மாதிரி ஒரு வேலைப்பாடு. நடுவில் கோடு விழுந்த சின்னச் சின்னக் காப்பிக்கொட்டைகள் ஊதா நிறத்தில் கூட்டம் கூட்டமாக இருந்தன. எல்லோரும் கை தட்ட, டாக்டர் பாஸ்கர் வெட்டி, முதல் துண்டை உசேனின் வாயில் ஊட்டினார். போட்டோ எடுத்தார்கள். வெனிலா வாசம், நல்ல இனிப்பு. நல்ல சேதி சொல்வதற்குத்தான் கேக் வெட்டுவார்கள் என்பது உசேனுக்குத் தெரிந்திருந்த உலக வழக்கம். அவன் அவசரமாக மென்று விழுங்கினான்.

"இந்த டிசைன் எதுன்னு தெரியுதா?" என்றார் டாக்டர் பாஸ்கர் பெருமையாக.

"தெரியல சார்."

"உங்க பொண்ணு. அவ திசுவைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல எடுத்த படம். அப்படியே க்ரீமுல கொண்டுவந்துட்டான் பேக்கரிக்காரன். ஒரு செல் விடல."

உசேன் வாயில் இருந்ததைத் துப்ப இடம் தேடினான். மூலையில் ஒரு தொட்டி இருந்தது. 'மாதிரிகள் கழுவ மட்டும்' என்று எழுதியிருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுத்தான். திரும்பி வந்தபோது சுற்றிலும் ஆளாளுக்குத் தட்டு ஏந்தி, ஓரத்துத் துண்டு கிடைத்தவர்கள் செல்கள் அதிகமுள்ள நடுத்துண்டுக்காரர்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டு, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ குழந்தைக்கும் ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். நவ்ரீன் விரலில் ஒட்டியிருந்த ஊதா க்ரீமை நக்கிக்கொண்டிருந்தாள்.

உசேன் அவள் கையைப் பிடித்துத் தன் சட்டையில் துடைத்தான். தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். குழந்தை அழுதது. கேக்கைப் பிடுங்கிவிட்டான் என்று ஒரு டாக்டரம்மாள் அவனைக் கடிந்துகொண்டார்.

அதன் பிறகு குழந்தைக்குத் தாகம் எடுக்கத் தொடங்கியது. சாதாரணத் தாகமில்லை. சொம்பு சொம்பாகக் குடித்தாள், குடித்ததையெல்லாம் சிறுநீராகக் கழித்தாள். விடிவதற்குள் பாய் நனைந்து தரையெல்லாம் ஓடியது. வாளியில் இருந்த அழுக்குத் தண்ணீரைக் கூட மொண்டு குடிக்கப் போனாள். கன்னம் ஒட்டிவிட்டது. உசேன் ராசையாவிடம் ஓடினான்.

"தாகமா? ரொம்ப நல்லது" என்றார் ராசையா. "டைரக்டர் சொல்லிட்டே இருந்தார், அடுத்த கட்டமா தாகம் வரணும்னு. மாநாட்டுக்கு முன்னாடி வந்துடுச்சு பாருங்க. நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும். முதல் வரிசை."

மாநாடு ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேம்பாலத்திலிருந்து மண்டபம் வரை வழிநெடுகப் பேனர் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் டாக்டர் பாஸ்கர் கைகூப்பி நின்றார். மறுபக்கம் ஆள் உயரத்துக்கு நவ்ரீனின் சதை, இளஞ்சிவப்பும் ஊதாவுமாக விரிந்திருந்தது. கீழே இங்கிலீஷில் நீளமாக என்னவோ எழுதியிருந்தது. ஒரு பேனரின் அடியில் நாய் ஒன்று காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஜெரினா அதைக் கல்லால் அடித்து விரட்டினாள்.

'திசு வழங்கிய குடும்பம்' என்று அட்டை ஒட்டிய நாற்காலிகளில் அவர்களை உட்கார வைத்தார்கள். சிறப்பு விருந்தினருக்கு இங்கிலீஷ் வராதாம். அதனால் டாக்டர் பாஸ்கர் தமிழிலேயே பேசினார். அது உயர்மையம் செய்த ஒரே தவறு.

"மாதிரி வந்த அன்று மாலையே நான் நோயைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று தொடங்கினார். கை தட்டினார்கள். "காப்பிக்கொட்டை போலக் கோடு விழுந்த செல்கள். பார்த்ததுமே தெரிந்தது, இது லாங்கர்ஹான்ஸ் செல் நோய். ஆனால் நான் பதறவில்லை. ஒரு நோயைக் கண்டுபிடிப்பது சுலபம், நண்பர்களே. அதை அறிவிக்கத் தகுந்த மேடை கிடைக்கும்வரை காத்திருப்பதுதான் கடினம்."

மீண்டும் கை தட்டல்.

"இதற்கு மருந்து இருக்கிறதா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்கள். உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். ஆனால் அன்றைக்கே மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழந்தை குணமாகியிருக்கும். அவ்வளவுதான். நோய் காதிலிருந்து எலும்புக்கும், எலும்பிலிருந்து மூளையின் அடியில் இருக்கும் சுரப்பிக்கும் எப்படிப் படிப்படியாகப் போகிறது என்ற அரிய வரலாறு நமக்குக் கிடைத்திருக்குமா? அந்தப் பெற்றோரின் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன்."

எல்லோரும் திரும்பி அவர்களைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஜெரினாவின் மடியில் நவ்ரீன் பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

உசேன் எழுந்தான். "சார், அன்னிக்கே உனுக்குத் தெரியுமா?"

"நல்ல கேள்வி" என்றார் டாக்டர் பாஸ்கர் மகிழ்ச்சியோடு. "பாருங்கள், பெற்றோரே விவாதத்தில் பங்கேற்கிறார்கள்."

"தெரிஞ்சுகினே கேக்கு வெட்டிகினு இருந்தியா?"

ராசையா ஓடி வந்து அவன் தோளை அணைத்தார்.

"ரிப்போர்ட்டக் குடு சார். நான் எழும்பூருக்கு இட்டுனு போறேன்."

"கட்டுரை அச்சில் வரட்டும், உசேன். அதுவரைக்கும் ரகசியம்" என்றார் ராசையா.

"இம்மாம் பேர் முன்னாடி சொல்லிகினாரே?"

"அது உரை. எழுதிக் கொடுத்தா தகவல் கசிவு."

உசேன் அவரைப் பார்த்தான். கோபம் கூட வரவில்லை. அழுகிய எதையோ மிதித்துவிட்ட மாதிரி, காலிலிருந்து மேலே ஏறும் ஓர் அருவருப்பு வந்தது. ஜெரினாவைக் கைபிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே நடந்தான். வாசலில் டோரதி நின்றிருந்தாள். பன்னீர் தெளிக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"அண்ணே, எழும்பூர்ல எல்சின்னு ஒரு டாக்டர் கீறாங்க. அவங்களாண்ட போ. இப்பவே போ" என்றாள். "எனக்குத் தெரியாது அண்ணே, சத்தியமா. எங்களாண்ட எதுவும் சொல்ல மாட்டாங்க."

"வெறுங்கையோட போய் இன்னான்னு சொல்றது? அந்த நோவு பேரே வாய்ல வர மாட்டுது."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவன் எதிரே இருந்த பேனரைப் பார்த்தான். இரும்பு வெட்டுகிறவனுக்கு நைலான் கயிறு ஒரு விஷயமா. நாலு முடிச்சையும் அறுத்து, டாக்டர் பாஸ்கரைக் கைகூப்பிய நிலையிலேயே உள்ளே வைத்து, பாய் மாதிரி சுருட்டினான். காவலாளி, "யோவ், என்னய்யா பண்ற?" என்றார்.

"எம் பொண்ணு இது. இட்டுனு போறேன்" என்றான் உசேன்.

ஆட்டோவின் இரண்டு பக்கமும் பேனர் நீட்டிக்கொண்டிருக்க, அவர்கள் எழும்பூர் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் எல்சி வயதானவர், கட்டையான குரல். என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். உசேன் வராந்தாத் தரையில் பேனரை விரித்தான். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, ஓரமாக நடந்து, அந்த ஊதாக் கொட்டைகளை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கீழே இருந்த எழுத்தைப் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"இதை எப்ப எடுத்தாங்க?"

உசேன் சொன்னான். அவர் நவ்ரீனைப் பார்த்தார். குழந்தையின் காய்ந்த உதட்டைப் பார்த்தார். காலி பாட்டிலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இளம் டாக்டரிடம், "இவளுக்கு உடனே கட்டில் போடு" என்றார்.

பிறகு உசேனை உட்கார வைத்து நேராகப் பேசினார். "போஸ்டரைப் பார்த்து நான் மருந்து ஏத்த முடியாது. துளி சதை மறுபடியும் எடுக்கணும், எங்க ஆளுங்க பார்த்து உறுதி பண்ணணும். ஆனா எதைத் தேடணும்னு இப்பவே தெரிஞ்சுபோச்சு. மருந்து கேட்கும், குழந்தை பிழைப்பா. இந்தத் தாகம் மட்டும் அநேகமா நிக்காது. சுரப்பி கெட்டுப்போச்சு. அதுக்கு ஆயுசு பூரா மாத்திரை சாப்பிடணும்."

"அன்னிக்கே வந்திருந்தா?"

"அன்னிக்கே வந்திருந்தா அந்தச் சுரப்பி தப்பிச்சிருக்கலாம்" என்றார்.

அங்கே எடுத்த துண்டுக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை. அது சாதாரண டப்பாவில் போனது. சில நாட்களில் அரைத்தாளில் பதில் வந்தது, அன்றே ஊசியும் தொடங்கியது. உசேன் அந்த வராந்தாவிலிருந்தே லூயிஸுக்குப் போன் செய்தான். "மாமே, அது பொடுகு இல்ல. பையன இட்டுனு வா. நீ எதையும் எடுத்துனு வர வேணாம், பையன் மட்டும் போதும்" என்றான். ஜெரிக்கு நோய் இன்னும் மண்டையைத் தாண்டவில்லை. அரிது கிடைக்காததால் அவன் குழந்தையாகவே இருந்தான், சீக்கிரம் தேறினான்.

நவ்ரீனுக்கு வாரம் ஒரு ஊசி. முகம் மாத்திரையால் உப்பியது. வாந்தி எடுத்தாள், அடம் பிடித்தாள், பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தாள். தலையில் பொருக்கு உதிர்ந்து தோல் சுத்தமானது. மண்டையில் புடைப்பு வற்றி, எலும்பு வளர்ந்து மூடியது. மருந்தெல்லாம் முடிந்து, அவள் தெருவில் மற்ற பிள்ளைகளோடு ஓடத் தொடங்கிய சமயத்தில், விம்கோ நகர் சந்துக்குள் ராசையா வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசல் குழாயடியில் ஜெரினா குந்தி உட்கார்ந்து, பெரிய அலுமினியப் பாத்திரத்தில் ஆட்டுக்குடலைக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்தப் போட்டிக் கறி என்றால் உசேனுக்கு உயிர். குடலைக் கழுவுவது சின்ன வேலையில்லை. பச்சையும் கறுப்புமாக அதன் உள்ளே இருப்பது ஓடிக்கொண்டே இருந்தது. ராசையா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாத்திரத்தைப் பார்க்காமல் இருக்க வானத்தைப் பார்த்துப் பேசினார்.

"பேனர் திருட்டுக்குப் புகார் கொடுக்கிறதா இருந்தோம். டைரக்டர் பெருந்தன்மையா மன்னிச்சுட்டார். குழந்தை குணமாயிட்டதா கேள்விப்பட்டோம். அந்தக் குணமும் நம்ம ஆறுதல் பிரிவுக்குத்தான் சேரணும். முதல்ல அறுத்தது நாங்கதானே. அதனால ஆறின இடத்துல ஒரு துளி வேணும்."

"ஆறின எடத்துல இன்னாத்துக்கு சார் திருப்பி அறுக்கணும்?" என்றான் உசேன்.

"ஆறியிருக்கான்னு பார்க்க."

"பாத்தாலே தெரியுதே."

"பார்த்துத் தெரிஞ்சுக்கிறதுக்கு மையம் எதுக்குங்க?" ராசையா பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். உள்ளே மருந்துத் தண்ணீர் தளும்பியது. "குழந்தையை நீங்க அனுப்ப மாட்டீங்கன்னு தெரியும். கொஞ்சமா, கிள்ளினாப்போல இருந்தா போதும். வெறுங்கையோட போனா என் வேலை போயிடும்."

உசேன் கையை ஓங்கிவிட்டான். ஜெரினா எழுந்து நடுவில் வந்தாள். பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஈரக் கையை நீட்டிக் குப்பியை வாங்கினாள்.

"நான் எடுத்தாறேன். கொழந்த தூங்குது, உன்னப் பாத்தா பயந்துக்கும். நீ அப்படி சந்து முனையில போய் நில்லு சார். இங்க ஒரே கலீஜா கீது."

ராசையா நன்றியோடு ஓட்டமாகப் போய்விட்டார். உசேன் மனைவியைப் பின்தொடர்ந்து உள்ளே போனான். குழந்தை தூங்கவில்லை, வீட்டிலேயே இல்லை; அடுத்த தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஜெரினா பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். அரிவாள்மனையில் நுனியாக ஒரு துண்டு வெட்டினாள். உட்புறம் துவாலை மாதிரி சின்னச் சின்ன முடிச்சோடு இருந்த துண்டு. குப்பியில் போட்டு மூடியை இறுக்கினாள்.

"இன்னாமே இது?" என்றான் உசேன்.

"கேட்டாரு, குடுக்கறேன்" என்றாள் ஜெரினா.

அடுத்த மாநாடு உள்ளூர் கேபிள் சேனலில் நேரடியாகவே வந்தது. லூயிஸ் போன் செய்து பார்க்கச் சொன்னார். உசேன் தன் போனில் அதைப் பிடித்து, சுவரில் சாய்த்து வைத்தான். டாக்டர் பாஸ்கர் முன்பைவிடக் கொஞ்சம் பருத்திருந்தார். அவருக்குப் பின்னால் திரையில் இளஞ்சிவப்பு விரல்கள் வரிசை வரிசையாக நின்றன.

"ஆறிய இடத்தில் சாதாரணத் தோல்தான் வளரும் என்று இதுவரை உலகம் நம்பிக்கொண்டிருந்தது" என்றார். குரல் தழுதழுத்தது. "இந்த விரல்களைப் பாருங்கள். எங்கள் ஆறுதல் பிரிவின் தொடர் கண்காணிப்பால், ஒரு வடசென்னைக் குழந்தையின் தலையில் முற்றிலும் புதிய திசு ஒன்று உருவாகியிருக்கிறது. இது உணவை நேரடியாக உறிஞ்சும் ஆற்றல் உடையது. புல், இலை, தழை ஆகியவற்றின் துணுக்குகள் கூட இதில் ஒட்டியிருப்பதைக் கண்டோம். அதாவது, இந்தக் குழந்தை தலையாலேயே உண்ணத் தொடங்கிவிட்டது."

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கி, இந்த ஆய்வை இந்த வட்டாரம் முழுவதற்கும் விரிவாக்க வேண்டும் என்றும், இனி இங்கே பசி என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்றும் அறிவித்தார்.

தெருவில் விளையாடிவிட்டு வந்த நவ்ரீன் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள். பிறகு போன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் அவளுக்குப் பிடித்தது எதுவும் இல்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"பசிக்குதும்மா" என்றாள்.

ஜெரினா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு போட எழுந்தாள்.